காது வந்த வழி

ஓஷ் நகரத்து ஆய்வகத்தில்
இந்த வாரம் எனக்கு இட்ட வேலை ஓர் அட்டவணை:
அடைப்பான் கிருமியை எந்தச் சோதனை முதலில் பிடிக்கிறது,
எத்தனை நிமிடத்தில், எத்தனை சோம் செலவில்,
எத்தனை முறை பொய் சொல்கிறது.

அலாய் மேய்ச்சலிலிருந்து ஒரு காது வந்தது.
பசுவின் இடது காது, மஞ்சள் வில்லையோடு,
ஜாம் போத்தலில், போத்தலைச் சுற்றி மூன்று பை,
பையைச் சுற்றி மலைச்சரிவில் வாரிய பனி.
அடியில் நூல் கட்டி அறுத்திருந்தார்கள்.
தெரிந்த கை.
இதற்கு முந்தைய பசுவின் காதை யாரும் கேட்கவில்லை.
அது ஏழு வீட்டுக் கொப்பரையில் வெந்துவிட்டது.

முதலில் பட்டை.
கர்ப்பம் பார்க்கும் பட்டைபோலத்தான்;
மூன்று சொட்டு, பதினைந்து நிமிடம்.
ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு என்றால் உண்டு.
எனக்கு ஒன்றரை வந்தது.
சாய்த்தால் தெரிகிறது, நிமிர்த்தினால் மறைகிறது.
மிர்பெக் கண்ணாடியைக் கழற்றி உண்டு என்றார்,
மாட்டிக்கொண்டு இல்லை என்றார்.
ஒன்றரையை எழுத அட்டவணையில் கட்டம் கிடையாது.

பிசிஆர் கிருமியைப் பார்ப்பதில்லை,
அதன் எழுத்தைப் படிக்கிறது. மூன்று வரி:
நஞ்சுக்கு ஒன்று, உறைக்கு ஒன்று, குலத்துக்கு ஒன்று.
படித்ததை இரட்டித்து, இரட்டித்ததை இரட்டித்து
கந்துவட்டிக் கணக்கில் பெருக்கிக் காட்டும்.
ஒன்றேமுக்கால் மணி நேரம் போதும்,
மின்சாரம் போகாமல் இருந்தால்.
நாலே நிமிடம்தான் போனது.
யந்திரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டது.

ஜூரா எதற்கும் காத்திருக்கவில்லை.
சம்பளப் பட்டியலில் கடைசி வரி அவள்.
கண்ணாடிச் சில்லில் ரத்தம் இழுத்து,
ஜன்னலோரம் ஓராண்டு முதிரவிட்ட நீலச்சாயத்தை ஊற்றி,
கழுவி, உலர்த்தி, குனிந்தாள்.
நீலக் கம்புகள், சதுர முனை,
சரக்கு ரயில்போல் ஒன்றோடொன்று கோத்து;
சுற்றிலும் ரோஜாநிறப் புழுதி.
பன்னிரண்டு நிமிடம்.
"இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு
குல்ச்சா மருத்துவமனைக்குப் போன் போட்டாள், யாரையும் கேட்காமல்.

அங்கே தொரோகுலின் தம்பி எரிஸ்பாய் உட்கார்ந்திருந்தான்.
கட்டைவிரலோரம் ஒரு கொப்புளம், நடுவில் கரி.
வலிக்கவில்லை என்பதால் வெட்கப்பட்டுக்கொண்டு
வீட்டுக்குக் கிளம்ப எழுந்தவனை
உட்காரவைத்து ஊசி போட்டார்கள்.

தட்டு மறுநாள் காலை பேசியது.
சாம்பல் திட்டு, விளிம்பில் சீவாத தலைமுடி.
கிருமி தின்னும் வைரஸைச் சொட்டிய இடத்தில்
துளியளவு வெறுமை.
பதினெட்டு மணி நேரம் கழித்து
யாரும் மறுக்கமுடியாத உண்மை,
அதற்குள் யாருக்கும் அவசரமில்லாத உண்மை.
பிசிஆரும் ராத்திரியே ஒத்துக்கொண்டிருந்தது:
மூன்று வளைவும் எழுந்தன, ஒன்று சோம்பலாக.

ஜூராவின் வரிசையில் மிர்பெக் எழுதச் சொன்னார்:
மலிவு, விரைவு, பார்ப்பவரைப் பொறுத்தது.
எழுதினேன்.
எழுதும்போதுதான் உறைத்தது,
எங்கள் கடிகாரம் எல்லாமே
பதிவேட்டில் கையெழுத்து விழுந்த பிறகே ஓடுகிறது.
பசு செத்தது ஒன்பதாம் தேதி காலை ஐந்து மணிக்கு.
காது வந்தது பன்னிரண்டாம் தேதி நண்பகல்.
நடுவில் ஒரு ஞாயிறு,
டீசலுக்குக் காசு கேட்ட ஓட்டுநர்,
தல்திக் கணவாயை அடைத்து நின்ற ஆட்டுமந்தை.
கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்:
சாலை, எழுபத்தொன்பது மணி நேரம்.

"சாலை ஒரு சோதனைமுறை இல்லை"
என்று மிர்பெக் அடித்தார்.
அடித்த கோடு அழுத்தமாக இல்லை;
வெளிச்சத்தில் சாய்த்தால்
இன்னும் படிக்கலாம்.

காதை ஆட்டோகிளேவில் வைத்துத் திருகினோம்.
சாயங்காலம் தொரோகுல் கூப்பிட்டார்.
வில்லை வேண்டுமாம்,
நிவாரணத்துக்கு எண் காட்டவேண்டுமாம்.
அது உருகி மஞ்சள் கட்டியாகிவிட்டது.
நாற்பத்தொன்று பூஜ்யம் ஆறு என்று
தாளில் எழுதி, முத்திரை குத்தி,
அதே ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினேன்.